லுவெல்லாவின் பெயரில்

ஒடீல் ரெட்காஃப் இதுவரை செய்த வேலை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ரெஜைனா நகரத்துப் பெரிய கேலரி ஒன்றில் காட்சி வைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, அதைக் கேட்டு முதலில் சிரித்தவள் லுவெல்லா.

“முப்பது வருஷத்துப் படத்தையும் ஒரே இடத்துல மாட்டப் போறாங்களா? ஐயோ பாவம், அந்தச் சுவரு.”

“பொறாமைடி உனக்கு,” என்றாள் ஒடீல்.

“ஆமா, பொறாமைதான். எனக்கும் ஒரு மண்டபம் எடுத்து, நான் சுட்ட ரொட்டியையெல்லாம் ஆணியில மாட்டிவெச்சா நல்லாத்தான் இருக்கும். பாதிய வந்தவங்க தின்னுட்டுப் போயிருவாங்க. உன் படத்துக்கு அந்தப் பயமே இல்ல.”

லுவெல்லா, ஒடீலின் தம்பி கில்பர்ட்டின் மனைவி. கில்பர்ட் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு பெண்களும் ஒரு வயதுக்காரிகள்; அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். கனடாவின் பூர்வகுடிகளான எங்கள் க்ரீ ஜனங்களிடம் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்யலாம், செய்தே ஆக வேண்டும். முகத்துக்கு நேராக நாலு நல்ல வார்த்தை சொல்வது மட்டும் கூடாது. அப்படிச் சொன்னால் சொன்னவளுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதனால் ஒடீல் இத்தனை வருஷமாக லுவெல்லாவுக்கு ஒரு தரம்கூட நன்றி என்று வாய் திறந்து சொன்னதில்லை.

சொல்ல வேண்டியது மட்டும் மலையாகக் கிடந்தது. பழைய கார் பானெட்டுகளில், மணி கோத்தது போலப் புள்ளி புள்ளியாகப் பூ வரைகிறவள் என்று ஒடீலை இன்று கடல் தாண்டியும் அறிவார்கள். காட்சிகளைத் தேர்ந்து அமைக்கும் க்யூரேட்டராகவும் அவளுக்குப் பேர் உண்டு. மியூசியத்தின் நிலவறையில் நம்பர் ஒட்டிப் பெட்டிக்குள் கிடந்த எங்கள் பழைய மொக்கசின் செருப்புகளையும் தொட்டில் பைகளையும் வெளியே எடுத்து, கண்ணாடி இல்லாமல் மேசைமேல் பரப்பி, அவற்றைத் தைத்த கைகளின் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள் என்று சொன்னவள் அவள். பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆனால் பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய ரிசர்விலிருந்து அந்த ஜனங்களை லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தது யார்? லுவெல்லா. அண்டா நிறைய எல்க் மான் சூப் காய்ச்சி எடுத்து வந்தது யார்? அவளேதான். செருப்புகளுக்கு முன்னால் சடங்காக வாசனைப் புல்லைக் கொளுத்தியதும் தீ மணி அலறி, தீயணைப்புக்காரர்கள் தலைக்கவசமும் கோடாலியுமாகப் பாய்ந்து வந்தபோது, ஆளுக்கொரு கிண்ணம் சூப்பைக் கையில் திணித்து உட்கார வைத்ததும் அவள்தான். அந்த ஆட்களில் ஒருவன் ரெண்டாவது கிண்ணம் கேட்டான்.

ஒடீல் வெளிநாட்டில் போய்த் தங்கி வேலை செய்ய வாய்ப்பு வந்தபோது அவள் மகன் லைல் சின்னப் பையன். கணவன் விட்டுப் போயிருந்தான். போகாமலே இருந்துவிடலாம் என்று ஒடீல் மனதைத் தேற்றிக்கொண்டிருந்த நாளில், லுவெல்லா வந்து பையனின் துணிமணியை மூட்டை கட்டித் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். “உன்ன இங்க வெச்சுக்கிட்டு உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு, இவன வெச்சுக்கறது மேல்,” என்றாள். அந்தப் பயணம் இல்லையென்றால் ஒடீல் இன்றைக்கு ரிசர்வ் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். இது ஒடீலுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது லுவெல்லா கிளம்பப் போகிறாள். அவள் பிறந்தது வடக்கே, காட்டு ஏரிக்கரையில். கட்டிக்கொண்டு வந்ததால் எங்கள் சமவெளிக்காரியானவள். அவளுடைய அக்கா எஸ்தருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது, தனியாக இருந்தாள். கில்பர்ட்டுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் நாலு வருஷமும் முறையாகச் செய்து முடித்துவிட்டு, “அக்காவோட போய் இருக்கப் போறேன்,” என்றாள் லுவெல்லா. காட்சி திறப்பு சனிக்கிழமை மத்தியானம். எஸ்தர் அதற்கு வருவாள். மறுநாள் அவளோடு லுவெல்லா வடக்கே போய்விடுவாள்.

அந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாளில்லை. சபையில் ஒரு மரியாதை இல்லாமல் லுவெல்லா எங்கள் ஊரைவிட்டுப் போய்விடுவாள் என்று நினைக்கும்போதெல்லாம் ஒடீல் தூரிகையைக் கீழே வைத்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை, திறப்பில் கொடுக்க வேண்டிய போர்வைகளை இறக்கி வைக்க இருவரும் கேலரிக்குப் போனார்கள். அங்கே தலைவி மார்கிட், நல்ல பெண்மணி, கொஞ்சம் படபடப்புக்காரி, ஒரு சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒடீல், நாளைக்கு உங்களுக்குத் தர்ற பரிசுகள வைக்கறதுக்கு இந்த மேசை. போதுமா?”

லுவெல்லா போர்வை மூட்டையைத் தரையில் போட்டாள். “இவளுக்கு எதுக்கும்மா பரிசு? மரியாதை இவளுக்குத்தான? அப்ப எங்க வழக்கப்படி இவதான் குடுக்கணும். நாங்க, இவ குடும்பம், எல்லாரும் வரிசையா நிப்போம். பேர் கூப்பிடுவாங்க. வர்றவங்க போர்வைய வாங்கிக்கிட்டு எங்க எல்லாரு கையையும் குலுக்கிட்டுப் போவாங்க. மேசை வேணும்னா இன்னும் பெருசா ஒண்ணு போடு, இதெல்லாம் வைக்கணும்.”

“அப்ப உங்க குடும்பத்துக்கு யாரு குடுப்பாங்க?”

“எங்களுக்கா? சூப்பு மிஞ்சினா குடுப்பாங்க.”

மார்கிட் சிரித்தாள். ஒடீலுக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுக்கிற பக்கத்தில் நிற்கிறவர்களின் பேரை யாரும் கூப்பிடுவதில்லை. எத்தனை சடங்கு, எத்தனை நடனக் கூட்டம், எத்தனை திறப்பு விழா! ஒவ்வொன்றிலும் லுவெல்லா அந்த வரிசையில் ஒடீலுக்கு அடுத்த ஆளாக நின்று போர்வை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் பேர் ஒரு நாளும் மைக்கில் வந்ததில்லை. வரக் காரணமும் இருந்ததில்லை.

பெரிய அறையின் நடுச்சுவரில் அந்தப் பச்சை பானெட் தொங்கியது. கில்பர்ட் ஓட்டிய காரின் பானெட். ஒடீல் முதன்முதலாக வரைந்தது அதில்தான். அவன் உயிரோடு இருந்தபோதே, கார் செத்த பிறகு, “இந்தா, இதுலயாவது உருப்படியா ஏதாச்சும் பண்ணு,” என்று கழற்றிக் கொடுத்தான். மற்றதெல்லாம் விற்றாயிற்று, இல்லை கொடுத்தாயிற்று. இதை மட்டும் ஒடீல் யாருக்கும் தரவில்லை. அவள் வீட்டுக் கூடத்திலேயே இருந்தது.

மார்கிட் அவளைத் தனியாக ஒதுக்கிக் கூப்பிட்டாள். “அத எங்ககிட்டயே நிரந்தரமா விட்டுருங்களேன். நூறு வருஷம் ஆனாலும் பத்திரமா இருக்கும்.”

“திறப்பு முடியட்டும். சொல்றேன்,” என்றாள் ஒடீல். ஆனால் அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு யோசனை தோன்றியது. பானெட்டை லுவெல்லாவுக்குக் கொடுத்துவிட வேண்டியது. எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்துவிட வேண்டியது. இத்தனை வருஷம் மேடைகளில் அவள் கற்றுக்கொண்டது அதுதானே: பேரைச் சொல்லுவார்கள், ஆள் எழுந்து முன்னால் வரும், கூட்டம் கை தட்டும். முடிவு எடுத்ததும் மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள். பாவம், யோசித்துப் பார்த்திருந்தால் தூங்கியிருக்க மாட்டாள்.

சனிக்கிழமை கூட்டம் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு. ரிசர்விலிருந்து பள்ளிக்கூடப் பேருந்து நிறைய வந்து இறங்கினார்கள். நகரத்து ஓவியர்கள், பல்கலைக்கழகத்து ஆட்கள், வழி தவறி உள்ளே வந்து சூப்பின் வாசனையில் தங்கிவிட்ட இரண்டு தபால்காரர்கள். கடைசி வரிசை நாற்காலியில், கோட்டைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். வடக்கே இந்த மாதிரி வழக்கமெல்லாம் கிடையாது. என்ன நடக்கிறதென்று புரியாமல், மங்கிய கண்ணால் தங்கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆல்ஃபி மாமா மைக்கைப் பிடித்தார். எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டமானாலும் மைக் அவருடையதுதான். ஒரு தரம் கையில் வந்தால் எளிதில் விட மாட்டார்.

“எல்லாரும் நல்லாச் சாப்பிட்டீங்களா? ஒடீல் வரைஞ்ச படத்தையும் பாத்திருப்பீங்க. பாக்காதவங்க கவலப்படாதீங்க, சூப்பு நல்லாருந்துச்சு, அதுவே போதும். எனக்கு ஒரே ஒரு வருத்தம். என் கார் பானெட்டு காணாமப் போய் எட்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கு அது மூணாவது ரூம்ல தொங்குது!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒடீலின் குடும்பம் வரிசையாக நின்றது: ஒடீல், அவளுக்கு அடுத்து லுவெல்லா, பிறகு லைல், அவன் மனைவி, அதற்குப் பின்னால் சித்தி மக்கள் இரண்டு பேர். பேர்கள் வந்தன. பேருந்து ஓட்டி வந்தவருக்கு ஒரு போர்வை. பழைய செருப்புகளைப் பார்க்க வந்து அழுத ஒரு குடும்பத்துப் பெரிய மகளுக்கு, நட்சத்திரம் தைத்த போர்வை. நிலவறைச் சாவியை முதல் ஆளாக ஒடீலின் கையில் தந்த மியூசியக்காரருக்கு ஒன்று. அவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். சுவரில் படம் மாட்டிய ஆட்களுக்கு. ஒவ்வொருவரும் வாங்கிக்கொண்டு, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லார் கையையும் குலுக்கிவிட்டுப் போனார்கள். கொடுக்கக் கொடுக்க ஒடீலுக்கு உள்ளே நிறைந்துகொண்டே வந்தது. இத்தனை பேர் இல்லாமல் தான் ஏது என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது.

மேசை காலியாகிக்கொண்டு வந்தபோது, ஆல்ஃபி மாமாவிடமிருந்து மைக்கை அவளே வாங்கிக்கொண்டாள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு. நடுச்சுவத்துல இருக்கே, அந்தப் பச்சை பானெட்டு. என் தம்பியோடது. அத வாங்கிக்கறதுக்கு லுவெல்லாவக் கூப்பிடறேன். லுவெல்லா, முன்னால வா.”

நகரத்து ஆட்கள் கை தட்டினார்கள். ரிசர்வ் ஜனங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் ஒடீல் திரும்பிப் பார்த்தாள்.

லுவெல்லா இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் முகம் சுண்டிப் போயிருந்தது. கையில் மடித்து வைத்திருந்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் எங்க வரணும்?” என்றாள் மெல்ல. “அந்தப் பக்கமா?”

“லுவெல்லா, நான் வந்து...”

“நாளைக்குத்தான போறேன். இன்னிக்கே கைகுலுக்கி அனுப்பி வைக்கிறியா? கில்பர்ட்டு போனப்பகூட யாரும் என்னை வெளியாளுன்னு சொல்லல.”

ஒடீலுக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன காரியம் செய்துவிட்டோம்! வாங்குகிறவர்கள் விருந்தாளிகள், குடும்பம் கொடுக்கிற பக்கம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரிசையைவிட்டு வெளியே வா என்று கூப்பிட்டால், நீ இனி எங்கள் வீட்டு ஆளில்லை என்று சபை நடுவே சொன்னதாகத்தான் ஆகும். முப்பது வருஷ மேடைப் பழக்கம் அவள் மூளையைக் கலக்கிவிட்டிருந்தது. ஒரு நன்றி சொல்லப் போய், அந்த நன்றிக்குரியவளை வாசலுக்கு வெளியே தள்ளியாயிற்று.

ஆல்ஃபி மாமா நிலைமையைச் சமாளிக்க, மைக் இல்லாமலே குரல் கொடுத்தார். “பானெட்ட மட்டும் வாங்கிக்காத லுவெல்லா, மீதிக் காரையும் கேளு!” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். லுவெல்லா சிரிக்கவில்லை. லைல், அவளிடம் வளர்ந்த பையன், தோளை அவள் தோளோடு ஒட்டி நின்றுகொண்டான். அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அதில் இருந்த கோபம் ஒடீலுக்குப் புதிது.

மன்னிப்புக் கேட்டால் தீருமா? தீராது. சொன்னது சபையில் சொன்னது. சரி செய்வதும் சபையில்தான் நடக்க வேண்டும். பேசாமல் விட்டுவிட்டால் லுவெல்லா நாளைக்கு இந்த வார்த்தையோடுதான் வடக்கே போவாள். ஒடீல் கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசை, நடுவரிசை, எல்லாம் தெரிந்த முகங்கள், எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை நிமிர்ந்திருந்தது ஒரே ஒருத்திதான்: கடைசி வரிசையில் கோட்டு போட்ட எஸ்தர். தங்கையின் பேரை மைக்கில் கேட்டுவிட்டு, அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நம் வீட்டு ஆளுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் என்ன செய்வோம்? அந்த ஆளிடம் கொடுக்க மாட்டோம். அந்த ஆளின் பெயரில் வேறொருவருக்குக் கொடுப்போம். எவ்வளவு பிரியமோ அவ்வளவு உயர்ந்த பொருளை. குழந்தைக்குப் பேர் வைக்கும்போதும், பையன் பட்டம் வாங்கும்போதும், இறந்தவர்களை நினைக்கும்போதும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்!

ஒடீல் மைக்கை வாயருகே கொண்டு வந்தாள்.

“தப்பாச் சொல்லிட்டேன். வயசாச்சு, கேலரி கேலரியாச் சுத்தி என் புத்தியும் சுவத்துல மாட்டிக்கிச்சு. லுவெல்லா எங்கயும் வர வேணாம். அவ நிக்கிற இடம் இதுதான். அவ வடக்க போனாலும் இந்த இடம் இப்படியே இருக்கும், வேற யாரும் இதுல நிக்க முடியாது.” கூட்டத்தின் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டாள். “நான் இன்னிக்கு ஏதோ பேர் வாங்கியிருக்கேன்னா, அதுக்கு வண்டி ஓட்டினது இவ, சோறு போட்டது இவ, என் பிள்ளைய வளத்தது இவ. இவ மூஞ்சிக்கு நேரா இதச் சொல்லக் கூடாது, எனக்குத் தெரியும். அதனால உங்ககிட்டச் சொல்றேன். எங்க வீட்டுலயே எனக்கு ஒசத்தியான பொருள், என் தம்பி குடுத்த பானெட்டு. அத லுவெல்லா பேர்ல, எங்க குடும்பமே சேந்து குடுக்கிறோம். வாங்கிக்க, ஏரிக்கரையிலிருந்து வந்திருக்கற எஸ்தரக் கூப்பிடறேன்.”

இந்தத் தரம் ரிசர்வ் ஜனங்கள்தான் முதலில் சத்தம் எழுப்பினார்கள். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். “ஹை ஹை!” என்று ஆண்கள் நன்றிக் குரல் கொடுத்தார்கள். மார்கிட் ஒரு மூலையில் நின்று, நிரந்தரமாகக் கேட்ட பானெட் கைவிட்டுப் போவதைப் பார்த்தாள். வருத்தப்படுவதா கை தட்டுவதா என்று ஒரு கணம் தடுமாறினாள். பிறகு கை தட்டினாள், நன்றாகவே தட்டினாள்.

எஸ்தரைக் கைபிடித்து முன்னால் கூட்டி வந்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “எனக்கா? எனக்கு எதுக்கு? நான் ஒண்ணும் செய்யலையே,” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆல்ஃபி மாமா அவள் காதில் சொன்னார்: “நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், தங்கச்சி. எல்லாரு கையையும் குலுக்கிட்டுப் போங்க. பானெட்டு காட்சி முடிஞ்சப்பறம் வீடு தேடி வரும்.”

எஸ்தர் முதலில் ஒடீலின் கையைப் பிடித்தாள். குளிர்ந்த, காய்ப்பேறிய கை. “உங்க தங்கச்சிய எங்ககிட்ட இத்தன வருஷம் விட்டு வெச்சிருந்ததுக்கு நன்றி,” என்றாள் ஒடீல். எஸ்தருக்குச் சொன்னாலும், அது பக்கத்தில் நிற்கிறவளின் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது.

அடுத்தது லுவெல்லா. மங்கிய கண்ணுக்கு அவ்வளவு கிட்டத்தில்தான் முகம் தெரிந்திருக்க வேண்டும். “அடியே, நீயா!” என்று எஸ்தர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தங்கையைக் கட்டிக்கொள்ளப் போனாள்.

லுவெல்லா கட்டிக்கொள்ள விடவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு வலது கையை நீட்டினாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நீட்டுவது போல நீட்டினாள். எஸ்தர் திகைத்துப்போய் அந்தக் கையைப் பற்றினாள். லுவெல்லாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது; அதைத் துடைக்கவும் இல்லை, கையை விடவும் இல்லை.

“எங்க வீட்டுப் பொருளு,” என்றாள் தன் கூடப்பிறந்த அக்காவிடம். “பத்திரமா வெச்சுக்கோ.”

பிறகு கையை விட்டுவிட்டு, ஒடீலின் விலாவில் முழங்கையால் ஒரு குத்துக் குத்தினாள்.

“அழுதுக்கிட்டு நிக்காத, அசிங்கமா இருக்கு. இன்னும் ரெண்டு போர்வை மிச்சம் இருக்கு. கூப்பிடு அடுத்த ஆள.”